நாளைய வாத்தியாருக்கு என்ன தெரிய வேண்டும்?

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் காரியதரிசி என்னிடம் கேட்டது ஓய்வூதியக்காரர்களுக்கான வருமான வரியைப் பற்றி. தணிக்கை வேலையில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன் வேறு எதைப் பேசப் போகிறான் என்று நினைத்திருப்பார். அதில் தப்பில்லை. மூன்று வருஷமாக அதைத்தான் பேசி வருகிறேன். சென்ற தடவை முன் வரிசையில் இரண்டு பேர் சுகமாகத் தூங்கியதை மேடையிலிருந்தே பார்த்தேன். ஆகவே இந்தத் தடவை வேறு விஷயம் பேச அனுமதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லப் போகிறவர்களை இன்றைக்கு நாம் எப்படித் தயார் செய்கிறோம் என்பதுதான் விஷயம்.

நம்மில் பலருடைய தாத்தாக்கள் வாத்தியார்கள். என் தாத்தா தஞ்சாவூர் ஜில்லாவில் போர்டு ஸ்கூலில் இருந்தார். என் அப்பா குமாஸ்தாவாகி வடக்கே வந்தார். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு மத்திய சர்க்கார் பரீட்சை எழுதி இந்தப் போபாலில் வந்து சேர்ந்தேன். என் பிள்ளை இன்ஜினியர். இந்த ஹாலில் உள்ளவர்களில் யார் வீட்டிலாவது ஒரு குழந்தை வாத்தியார் வேலைக்குப் படிக்கிறதா என்று கேட்டால் எத்தனை கை தூக்கப்படும் என்று எனக்குத் தெரியும். ஆகையால் கேட்கவில்லை.

என் பேத்தி 2023-ல் நான்கு வருஷ ஒருங்கிணைந்த பி.எட். படிப்பில் சேர்ந்தாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நேரே சேர்ந்து, பாடத்தையும் பயிற்சியையும் சேர்த்துப் படிக்கிற படிப்பு. 2020 தேசியக் கல்விக் கொள்கை, 2030-க்குள் ஆசிரியர் வேலைக்குக் குறைந்தபட்சத் தகுதி இதுவாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. முதல் கட்டமாக 2023-24-ல் நாடு முழுவதும் 57 நிறுவனங்களில் ஆரம்பித்தார்கள். இதை ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி பேசுகிறார்கள். 1963-ல் என்.சி.இ.ஆர்.டி. ஆஜ்மீர், போபால், புவனேஸ்வர், மைசூர் ஆகிய நான்கு ஊர்களில் பிராந்தியக் கல்விக் கல்லூரிகளைத் தொடங்கியதே இந்த மாதிரி நான்கு வருஷப் படிப்புக்காகத்தான். நம் ஷ்யாமளா ஹில்ஸில் இருப்பது அவற்றில் ஒன்று. அதன் வாசலைத் தாண்டி நாற்பது வருஷம் ஆபீஸ் போன நம்மில் எத்தனை பேர் உள்ளே என்ன நடக்கிறது என்று விசாரித்தோம்?

அவள் சேர்ந்த அன்று எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட துக்க வீடு. அவள் அப்பா இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. என் அகத்துக்காரி, "ஏண்டி குழந்தை, பி.டெக். சீட் கிடைக்கலையா?" என்று கேட்டாள். "கிடைச்சுது பாட்டி. நான்தான் வேண்டாம்னுட்டேன்" என்றாள். நான் நடுநிலையாக இருந்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கும் வருத்தம்தான். இந்த வேலைக்கு இவ்வளவு கெட்டிக்காரப் பெண் எதற்கு என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். அதையும் இந்தச் சபையில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன்.

முதலில் என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன்.

1984-ல் மத்திய அரசு பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் கற்பிக்க 'க்ளாஸ்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் பி.பி.ஸி. மைக்ரோ என்ற இயந்திரங்களை வரவழைத்துக் கொடுத்தார்கள். அதற்குச் சில வருஷங்கள் கழித்து, ஒரு ஜில்லாவில் ஆசிரியர் பயிற்சி நிலையம் ஒன்றில் கணக்குப் பார்க்கப் போனேன். பெயர் வேண்டாம். அங்கே ஒரு தனி அறையில் கம்ப்யூட்டர்கள். பூட்டுத் திறந்து காட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட துணி உறை. உறையின் மேல் குங்குமத்தால் ஸ்வஸ்திகம். சரஸ்வதி பூஜைக்குப் பூஜை பண்ணியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு திறந்த அடையாளம் இல்லை. இருப்புப் பதிவேட்டை எடுத்து எண்ணினேன். பதிவேட்டில் எவ்வளவோ அறையிலும் அவ்வளவு. 'கையிருப்பு சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வரும்போது வராந்தாவில் பயிற்சி மாணவர்கள் இருபது பேர் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவனைக் கூப்பிட்டு, "இந்த இயந்திரத்தைத் தொட்டிருக்கிறாயா தம்பி?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்க வேண்டிய பத்தி என் படிவத்தில் இல்லை. பிற்பாடு என்னென்னவோ திட்டங்கள் வந்தன. டெலிவிஷன் பெட்டி, டிஷ் ஆன்டெனா, புரொஜெக்டர், ஸ்மார்ட் போர்டு. என் காலத்துக்குள் வந்தவை அத்தனைக்கும் நான் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன். பொருள் வாங்கின ரசீது எனக்குத் தெரியும். அதைக் கையாளப் போகிறவனைத் தயார் செய்தார்களா என்பது தெரியாது.

அப்படியானால் இந்த நாட்டில் யாருமே சரியாகச் செய்ததில்லையா என்றால், செய்திருக்கிறார்கள். 1975 ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷம் 'சைட்' என்ற பரிசோதனை நடந்தது உங்களில் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்க செயற்கைக்கோள் ஒன்றை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். அன்றைய மத்தியப் பிரதேசத்தில் ராய்ப்பூர், பிலாஸ்பூர், துர்க் பக்கம். மாலையில் விவசாய நிகழ்ச்சி பார்த்தது எல்லோருக்கும் தெரியும். அதே செயற்கைக்கோள் வழியாகச் சுமார் 50,000 ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு விஞ்ஞானம் கற்பிப்பதில் பயிற்சி கொடுத்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அதில் வெறும் பெட்டியைப் பார்க்கச் சொல்லி விட்டுவிடவில்லை. அச்சடித்த கையேடு இருந்தது, கையால் செய்து பார்க்கும் வேலை இருந்தது, சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார்.

இன்னொன்று நமக்கு வெகு அருகில் நடந்தது. இப்போது நர்மதாபுரம் என்று பெயர் மாறியிருக்கும் ஹோஷங்காபாத் ஜில்லாவில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய விஞ்ஞானத் திட்டம். அதில் பாடப் புத்தகத்தில் விடை கிடையாது. குழந்தைகளே சோதனை செய்து விடை காண வேண்டும். அதற்கு முன்னால் வாத்தியார்கள் கோடை விடுமுறைப் பயிற்சியில் அதே சோதனைகளைக் குழந்தைகள் மாதிரியே உட்கார்ந்து செய்து, தப்புப் பண்ணி, சண்டை போட்டு, மறுபடி செய்து பார்க்க வேண்டும். பிறகும் மாதத்துக்கு ஒரு தடவை கூடிப் பேசினார்கள். 2002-ல் அதை மூடிவிட்டார்கள். ஏன் மூடினார்கள் என்பது பெரிய கதை, இங்கே வேண்டாம். பௌதிகம் படித்தவன் என்ற முறையில் எனக்கு அது இன்னும் ஆறாத வருத்தம்.

சரி, என் பேத்தி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் அவளைப் பயிற்சிக்காக ஒரு ஆரம்பப் பள்ளிக்கு அனுப்பினார்கள். கட்டட வேலைக்கு வந்தவர்களின் குழந்தைகள் நிறையப் படிக்கும் பள்ளி. ஒரு நாள் சாயங்காலம் கைபேசியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, இதைக் கேளுங்கோ. இந்தக் குழந்தை எங்க தடுமாறறதுன்னு சொல்லுங்கோ" என்றாள்.

மூன்றாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்று ஹிந்திப் பாடம் வாசிக்கிறது. ஒரு நிமிஷம். நானும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ணினேன். பத்தொன்பது வார்த்தை. 'நிபுண் பாரத்' என்று 2021-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிஷத்துக்குக் குறைந்தது 60 வார்த்தை, அதுவும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள்.

நான் பெரிய அனுபவசாலி மாதிரி, "அதற்கு மாத்ரை தெரியவில்லை. ஆரம்பத்திலிருந்து பாராகடி எழுதச் சொல்லு" என்றேன். பாராகடி என்றால் நம் ஊர் உயிர்மெய் வரிசை மாதிரி.

"அதைத்தான் தாத்தா அந்த ஸ்கூல்ல தினம் மூணு தடவை எழுதச் சொல்றா. இன்னொரு தடவை கேளுங்கோ" என்று மறுபடி ஓட்டினாள். மறுபடியும் ஓட்டினாள். நாலாவது தடவைதான் எனக்குக் காதில் விழுந்தது. அந்தக் குழந்தை 'கா' சரியாகச் சொல்கிறது, 'கீ' சரியாகச் சொல்கிறது, 'கூ' சரியாகச் சொல்கிறது. 'கணித்' என்ற வார்த்தையைக் 'கிணத்' என்று வாசிக்கிறது.

ஹிந்தி எழுத்துத் தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தமிழில் 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. ஒலி என்னவோ பின்னால் வருகிறது. தேவநாகரியில் குறில் 'இ' ஒன்றுக்குத்தான் அந்தக் குணம். எழுதும்போது முன்னால், சொல்லும்போது பின்னால். 'கணித்' என்று எழுதினால் அந்தக் கோடு 'க'வுக்கும் 'ண'வுக்கும் நடுவில் நிற்கும். மற்ற எல்லா மாத்ரையும் எழுத்துக்கு மேலேயோ கீழேயோ பின்னாலேயோ வருவதைப் பார்த்த குழந்தை, இதையும் 'க'வோடு சேர்த்துவிட்டது. அதாவது அந்தக் குழந்தைக்கு விதி தெரிந்திருக்கிறது. ஒரே ஒரு விலக்குத்தான் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதற்குப் போய் பாராகடி முழுவதையும் தினம் மூன்று தடவை எழுத வைத்திருக்கிறார்கள்.

பேத்தி அந்த ஒரு மாத்ரைக்காகப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, எழுத்தை ஒரு அட்டையிலும் கோட்டை ஒரு அட்டையிலும் எழுதி, குழந்தையையே இடம் மாற்றி வைக்கச் சொல்லி விளையாட வைத்தாள். இரண்டு வாரத்தில் அந்தத் தடுமாற்றம் போய்விட்டது. வேகம் வர நாள் பிடித்தது. அவள் பயிற்சி முடிந்து வருகிற சமயம் நிமிஷத்துக்கு முப்பத்து நாலு. அறுபதுக்கு இன்னும் பாதி வழி. ஆனால் அந்தக் குழந்தை கடைப் பலகையெல்லாம் உரக்க வாசித்துக்கொண்டு நடக்கிறதாம். அம்மாக்காரி வந்து சொல்லியிருக்கிறாள்.

இதில் கைபேசி என்ன செய்தது? குழந்தைக்கு அது ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. அதன் திரையைக்கூட அந்தக் குழந்தை பார்க்கவில்லை. வகுப்பில் நாற்பது குழந்தைகளின் இரைச்சலில் வாத்தியாரின் காது தவறவிடுகிற ஒன்றை, வீட்டில் உட்கார்ந்து நாலு தடவை கேட்க வைத்தது. அவ்வளவுதான். அதற்கு ஒரு லட்ச ரூபாய் போர்டு தேவைப்படவில்லை. ஆனால் கேட்டதும் அது எந்த மாத்ரை என்று பிடிக்கத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. பாராகடி எழுதச் சொன்ன எனக்கு அது தெரியவில்லை.

இங்கே ஒரு மாமா போன வாரம் என்னிடம் கேட்டார்: "இனிமேல் கம்ப்யூட்டரே பாடம் நடத்திவிடுமே, வாத்தியாருக்கு எதற்குப் பயிற்சி?" அவர் இன்று வந்திருக்கிறார், அவருக்காகவே இரண்டு ஆராய்ச்சிகளைத் தேடிப் படித்தேன். பரோடாவில் முனிசிபல் பள்ளிகளில் நாலாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரில் கணக்கு விளையாட்டுக் கொடுத்துப் பார்த்தார்கள். கணக்கு மதிப்பெண் நன்றாக உயர்ந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலானவர்கள் 2007-ல் வெளியிட்டது. 2019-ல் நோபல் பரிசு வாங்கினார்களே, அவர்கள்தான். மாமா சொன்னது சரி என்று நினைக்கிறீர்கள், இல்லையா? அவர்களோடு வேலை செய்த லீ லிண்டன் என்பவர் அதே குஜராத்தில் இன்னொன்று பார்த்தார். வகுப்பு நேரத்தைக் குறைத்து அந்த இடத்தில் கம்ப்யூட்டர் வைத்தபோது குழந்தைகள் முன்பைவிடக் குறைவாகக் கற்றார்கள். வகுப்பு முடிந்த பிறகு கூடுதலாக வைத்தபோது பலன் கிடைத்தது, முக்கியமாகப் பின்தங்கிய குழந்தைகளுக்கு. குஜராத் அதே குஜராத், கணக்கும் அதே கணக்கு. எதன் இடத்தில் இயந்திரத்தை வைக்கிறோம் என்பதுதான் வித்தியாசம். அதைத் தீர்மானிப்பது இயந்திரம் விற்கிறவரா, வகுப்பில் நிற்கிறவரா?

'அசர்' என்ற கணக்கெடுப்பு 2005-லிருந்து நடக்கிறது. கிராமங்களில் வீடு வீடாகப் போய் ஒவ்வொரு குழந்தையாக உட்கார வைத்து வாசிக்கச் சொல்வார்கள். மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2022-ல் 20.5 சதவிகிதம், 2024-ல் 27.1. உயர்ந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் நாலில் மூன்று குழந்தை இன்னும் வாசிக்கவில்லை. அதே 2024 அறிக்கையில் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 80 சதவிகிதத்துக்கு மேல் ஸ்மார்ட்போன் இயக்கத் தெரிந்தவர்கள். இயக்குவதற்கு யாரும் பயிற்சிக் கல்லூரி வைக்கவில்லை; தானே வந்துவிட்டது. வாசிப்புத் தானே வரவில்லை.

இப்போது கல்லூரிகளில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. தணிக்கைக்காரன் சொல்கிறேன், காகிதம் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். நீதிபதி வர்மா கமிஷன் 2012-ல் அறிக்கை கொடுத்த பிறகு, 2014 விதிகளில் பி.எட். படிப்பை இரண்டு வருஷமாக்கினார்கள். அதில் நூல்களை வாசித்து விவாதிக்க ஒரு பாடம், தகவல் தொழில்நுட்பத்தை விமர்சன நோக்கோடு புரிந்துகொள்ள ஒரு பாடம், எல்லாப் பாடங்களிலும் மொழியின் பங்கு பற்றி ஒரு பாடம், பள்ளியில் இருபது வாரப் பயிற்சி. இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் என் பேத்தியின் சிநேகிதி ஒருத்தி வேறொரு கல்லூரியில் பி.எட். படிக்கிறாள். அந்த வாசிப்புப் பாடத்துக்கு அவர்கள் வாங்கியது ஒரு கைடு புத்தகம். 'வாசிப்பின் ஐந்து நன்மைகள் யாவை?' என்று கேள்வி. கம்ப்யூட்டர் பாடத்துக்கு 'கணினியின் தலைமுறைகள் யாவை?' பாடத் திட்ட நோட்டு கடையிலேயே எழுதிக் கிடைக்கிறதாம். பெயர் மட்டும் எழுதிக்கொண்டால் போதும். பள்ளிப் பயிற்சிக்குப் போகாமலே போனதாகச் சான்றிதழ் வாங்குகிறவர்களும் உண்டு என்றாள். இப்படி வெளியே வருகிறவர்தான் நாளைக்கு முப்பது வருஷம் வகுப்பில் நிற்பார். ஒரு வருஷத்துக்கு நாற்பது குழந்தை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஆரம்ப வகுப்புகளுக்கு பி.எட். தகுதி ஆகாது, அதற்கென்று உள்ள டி.எல்.எட். டிப்ளமாதான் வேண்டும் என்று. பி.எட். என்பது பெரிய வகுப்புக்கான படிப்பு. சின்னக் குழந்தைக்கு முதல் எழுத்து சொல்லிக்கொடுப்பது வேறு வித்தை. வேலைக்குக் காத்திருந்த லட்சக்கணக்கான இளைஞர்களுக்கு அது பேரிடி. எனக்கு அவர்கள் மேல் பரிதாபம் உண்டு. ஆனாலும் தீர்ப்புச் சரி என்றே நினைக்கிறேன். 'கிணத்' என்று வாசித்த குழந்தையை நினைத்தால் வேறு விதமாகத் தோன்றவில்லை.

செயற்கை நுண்ணறிவு பற்றிச் சொல்லாமல் உட்கார்ந்தால் பின்வரிசைப் பிள்ளைகள் விட மாட்டார்கள். போன மாதம் பேத்தி ஆறாம் வகுப்புக்கு விஞ்ஞானப் பாடத் திட்டம் ஒன்றை அந்தக் கைபேசி அசரீரியிடம் எழுதி வாங்கிக்கொண்டு வந்து காட்டினாள். அழகான ஹிந்தி. தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன் மேல் கண்ணாடி பாட்டிலைக் கவிழ்க்க வேண்டும். சுடர் அணையும், தண்ணீர் பாட்டிலுக்குள் ஏறும். 'காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன். அது எரிந்து தீர்ந்ததால் ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது' என்று விளக்கம். நம்மில் பலரும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் படித்தோம். அந்த இயந்திரமும் நம் பழைய புத்தகங்களைப் படித்துத்தானே கற்றது.

"செய்து பார்த்தாயா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். சாப்பாட்டு மேஜையில் தாம்பாளத்தை வைத்தோம். மஞ்சள் பொடி கரைத்த தண்ணீர், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். முதலில் ஒரு மெழுகுவர்த்தி. தண்ணீர் ஏறிய இடத்தில் பேனாவால் கோடு போட்டாள். அடுத்து அதே பாட்டில், மூன்று மெழுகுவர்த்தி. தண்ணீர் இன்னும் உயரமாக ஏறியது. பாட்டில் அதே பாட்டில், ஆக்ஸிஜன் அதே அளவு. பிறகு எப்படி? அவள் மறுபடி கவிழ்த்து, கன்னத்தை மேஜையில் வைத்துப் பார்த்தாள். "தாத்தா, விளிம்புல குமிழி வெளியில போறது பாத்தேளா? தண்ணியும் அணைஞ்சப்பறம்தான் சரக்குன்னு ஏறறது" என்றாள். அதேதான். சூட்டில் விரிந்த காற்று கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்து மீதிக் காற்று குளிர்ந்து சுருங்கும்போது தண்ணீர் உள்ளே ஏறுகிறது. எரியும்போது ஆக்ஸிஜன் குறைந்தாலும் அந்த இடத்துக்குக் கரியமில வாயுவும் நீராவியும் வந்து சேர்கின்றன.

என் அகத்துக்காரி மேஜைத் துணியில் மஞ்சள் கறை பற்றிச் சொன்னதை இங்கே சொல்ல முடியாது. ஆனால் பேத்தி அந்தப் பாடத் திட்டத்தைத் தூக்கி எறியவில்லை. இயந்திரம் எழுதிய விளக்கத்தை அப்படியே வகுப்பில் பலகையில் எழுதிப் போட்டு, 'இது சரியா, தப்பா, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?' என்று கேட்டாளாம். பிள்ளைகள் மூன்று மெழுகுவர்த்தி வரை தாங்களே வந்துவிட்டார்கள். ஒரு பையன் ஐந்து கேட்டானாம். தொழில்நுட்பத்தை விமர்சன நோக்கோடு புரிந்துகொள்வது என்று 2014 விதியில் எழுதியிருக்கிறதே, அதற்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் இது.

சின்ன விஷயம் ஒன்று. சின்னதாக இருந்தாலும் தினம் தொல்லை. நம் மாநிலத்தில் கேள்வித்தாள், சுற்றறிக்கை எல்லாம் வெகு காலமாக 'க்ருதி தேவ்' என்ற எழுத்துருவில் அடிக்கிறார்கள். வேறு கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தமிழிலும் ஒரு காலத்தில் நாம் இதே அவஸ்தை பட்டோம். யூனிகோடில் ஹிந்தி அடிக்கக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். பேத்தியின் வகுப்பில் பாதிப் பேருக்கு அது தெரியவில்லை. அவளே மத்தியான இடைவேளையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறாள். ஸ்மார்ட் போர்டு வாங்குகிற காசில் நூறில் ஒரு பங்கு இதற்குச் செலவழித்தால் போதும்.

என் பிள்ளை இப்போது பேசுகிறான். போன தீபாவளிக்கு வந்தவன் அந்த ஒரு நிமிஷப் பதிவைக் கேட்டான். ஆறு தடவை கேட்டும் அவனுக்குக் 'கிணத்' பிடிபடவில்லை. மகள் சொன்ன பிறகு சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சம்பளம் எவ்வளவு வரும்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அரசு வேலை கிடைத்தால் கௌரவமாக இருக்கலாம். கிடைக்கும் வரை தனியார் பள்ளிகளில் கொடுப்பதைச் சொன்னால் நம் வீட்டு டிரைவர் சிரிப்பார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவளிடமும் இல்லை.

இனி என் வேண்டுகோள். இதற்காகத்தான் காரியதரிசியிடம் இந்த மேடையைக் கேட்டேன்.

இந்தப் பயிற்சிப் பெண்களுக்கு இருபது வாரம் பள்ளியில் கிடைப்பது போதவில்லை. ஒரு குழந்தையோடு தனியாக உட்கார்ந்து வாசிக்கக் கேட்க அங்கே இடமும் இல்லை, நேரமும் இல்லை. நம் ஹால் ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாகத்தான் இருக்கிறது. நம் வீடுகளில் வேலை செய்கிறவர்களின் குழந்தைகள், காவலாளிகளின் குழந்தைகள், எதிரே கட்டடத்தில் வேலை செய்கிறவர்களின் குழந்தைகள், எல்லாம் சேர்த்தால் இருபத்தைந்து பேர் வருவார்கள். பேத்தியின் வகுப்பிலிருந்து ஆறு பேர் வரச் சம்மதித்திருக்கிறார்கள். ஆறு பேருக்கு இருபத்தைந்து குழந்தை என்றால் மறுபடி வகுப்பறைதான். ஆகவே நம்மில் பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். ஹிந்தி வாசிக்கத் தெரிந்தால் போதும். இங்கே முப்பது வருஷம் இருந்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? பாடம் நடத்த வேண்டியதில்லை. தயவுசெய்து நடத்தாதீர்கள். குழந்தை வாசிப்பதைப் பொறுமையாகக் கேட்டு, கைபேசியில் பதிவு செய்து, எங்கே நின்றது என்று குறித்து அந்தப் பெண்களிடம் கொடுக்க வேண்டும். குழந்தையின் முகத்தைப் படம் எடுக்க வேண்டாம், குரல் மட்டும் போதும். அதற்கும் பெற்றோரிடம் கேட்டுக்கொண்டே செய்வோம்.

வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயரும் எந்த ஞாயிறு வர முடியும் என்பதும் எழுதுங்கள். முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு. மூக்குக் கண்ணாடியையும் சார்ஜ் செய்த கைபேசியையும் மறக்க வேண்டாம். காபி எங்கள் வீட்டிலிருந்து வரும்.